ஒரே முகவரி, வேறு வேறு சிப்: மதர்போர்டின் கண்காணிப்பு சிப்பைச் சரியாக அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

மார்ச் பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் கம்ப்யூட்டர்கள் நடுப்பகலில் தாமாக அணைய ஆரம்பிக்கும். ரைஸ் மில், எடைமேடை, தேங்காய் மண்டி, எங்கிருந்து வந்தாலும் தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளத்தில் இருக்கும் என் மேசைக்கு வரும் புகார் ஒன்றுதான்: "ரெண்டு மணி ஆனா ஆஃப் ஆயிடுதுங்க." தூசியைத் தட்டி, பேஸ்ட் மாற்றினால் பாதி சரியாகும். மீதிக்கு, வெப்பம் எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு, ஃபேன் எத்தனை சுற்று என்று மதர்போர்டையே கேட்டாக வேண்டும்.

கேட்டால் பதில் வரும். ஆனால் பதில் சொல்வது எந்த சிப் என்று தெரியாமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. வேலை பழக வரும் பையன்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பையன் "அண்ணா" என்பான், பாலக்காட்டுப் பையன் "சேட்டா" என்பான், கேள்வி மட்டும் ஒன்றே: "ரெண்டும் 4சி தானுங்களே, எந்த டிரைவரப் போட்டா என்னங்க?" 4சி என்பது போர்டில் ஒரு சிப் பதில் சொல்லும் முகவரி எண்; ஒரே முகவரியில் வேறு வேறு சிப் இருக்கலாம். அந்தக் கேள்விக்கான பதில்தான் கீழே இருப்பது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் எழுதி வைத்ததைக் கொண்டுதான் நகரும்.

ஒரு குறிப்பு: பதினாறடிமான எண்களில் (9க்குப் பிறகும் ஆறு இலக்கங்கள் உள்ள முறை) வரும் எழுத்துகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்றே எழுதுகிறேன். சிப் முகவரி, ரிஜிஸ்டர் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் சிறு அறை), அடையாள எண் எல்லாம் பதினாறடிமானம். டிகிரி, வோல்ட், சுற்று ஆகியவை நம் வழக்கமான பத்தடிமானம்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

நேரடியாக இயங்கும் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று. அதில் எல்எம்-சென்சார்ஸ், ஐ2சி-டூல்ஸ் என்ற இரண்டு தொகுப்புகள். வாடிக்கையாளரின் டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம். தவறான டிரைவர் ஒன்று நிரந்தரமாகப் பதிந்துவிட்டால், இயந்திரம் போய்ச் சேர்ந்த இடத்தில் அது தொல்லை கொடுக்கும், உங்கள் கண்ணுக்கும் படாது.

மல்டிமீட்டர், அறை வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர், சிறு டார்ச், பூதக்கண்ணாடி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு, ஒரு நோட்டு, பேனா. இவற்றில் பையன்கள் கொண்டுவர மறப்பது எப்போதும் நோட்டைத்தான்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் இயந்திரங்களில் லினக்ஸ் கெர்னல் போர்ட்டுகளை (சிப்களோடு பேசும் உள் வாசல்களை) நேரடியாகத் தொட விடாது. கீழே நான்காம் படி அங்கே வெறுமையாகத் திரும்பி வரும். பயாஸில் அதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்துவதற்கு முன், விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டப்பட்டிருந்தால் மீட்பு எண் வாடிக்கையாளரிடம் உண்டா என்று கேட்டு உறுதி செய்த பிறகே கை வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை இயக்கும்போது விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும், நீங்களும் நிற்பீர்கள்.

லேப்டாப் என்றால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் பயன்படாது. அங்கே வெப்பத்தையும் ஃபேனையும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனி சிப் பார்த்துக்கொள்கிறது. மேலும், ஒரு காலத்து சில லேப்டாப்களில் ஐ2சி பஸ்ஸை (சிறு சிப்கள் பலவும் பகிர்ந்து பேசும் இரு கம்பி வழி) துழாவியதாலேயே உள்ளிருந்த ஈப்ராம் (நிரந்தர விவரங்களை வைக்கும் சிப்) கெட்டுப்போனது உண்டு. லேப்டாப்பில் பஸ்ஸைத் துழாவாதீர்கள்.

2. இயக்குவதற்கு முன்: கண்ணால் படியுங்கள்

மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் சூப்பர் ஐஓ சிப்பை (வெப்பம், வோல்டேஜ், ஃபேன் மூன்றையும் கவனிக்கும் முக்கிய சிப்) தேடுங்கள். பெரும்பாலும் நான்கு பக்கமும் கால் உள்ள சதுர சிப், ஓரமாக உட்கார்ந்திருக்கும். நுவோட்டான், ஐடிஈ, வின்பாண்ட், ஃபின்டெக், எஸ்எம்எஸ்சி ஆகியவற்றில் ஒரு பெயர் இருக்கும். ரைஸ் மில் இயந்திரம் என்றால் உமித்தூசி எழுத்தை மூடியிருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்து தெரியும். நேராகப் பிடித்தால் தெரியாது.

முழு எண்ணையும் கடைசி எழுத்து வரை எழுதுங்கள். ‘நுவோட்டான் 67 ஏதோ’ என்று எழுதிய நோட்டால் பயனில்லை. என்சிடி6796டி, என்சிடி6798டி, என்சிடி6687டி மூன்றும் கண்ணுக்கு ஒரே குடும்பம் போலத் தெரியும். மூன்றாவது அந்தக் குடும்பமே அல்ல.

பிறகு மெமரி பக்கமும் கிராஃபிக்ஸ் கார்டிலும் உள்ள எட்டுக்கால் குட்டி சிப்களைப் பாருங்கள். எல்எம்75, எல்எம்90, ஏடிஎம்1032 வகைகள் அந்த உருவில்தான் வரும். எழுத்து மிகச் சிறியது. படிக்க முடியாவிட்டால் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் விரல் வைத்துப் பார்க்க அது தேவைப்படும்.

3. மூன்று எண்களை எழுதி வையுங்கள்

இயந்திரம் இரவு முழுக்க அணைந்திருந்தால் மிக நல்லது. காலையில் இயக்கியதும் பயாஸுக்குள் போய், வன்பொருள் கண்காணிப்புப் பக்கத்தில் காட்டும் சிபியு வெப்பம், ஃபேன் சுற்று, 12 வோல்ட் மதிப்பு மூன்றையும் எழுதுங்கள். பக்கத்திலேயே அறை வெப்பத்தையும் எழுதுங்கள்.

பயாஸ் எழுதியவருக்குத் தன் போர்டில் எந்த சிப், எந்தக் காலில் என்ன ரெசிஸ்டர் என்று தெரியும். நமக்குத் தெரியாது. ஆகவே பிறகு நாம் லினக்ஸில் பார்ப்பதை ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான அளவுகோல் இதுதான்.

அறை வெப்பம் எதற்கு? அணைந்து ஆறிக் கிடந்த எந்தப் பொருளும் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. ஏப்ரலில் என் கடைக்குள் 36, 37 டிகிரி இருக்கும். அந்த நேரத்தில் ஒரு சென்சார் 21 டிகிரி என்று சொன்னால், சிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். ஏசி அறையில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிழை அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. நம் ஊர் வெயில் செய்யும் உபகாரம் இது ஒன்று.

4. சூப்பர் ஐஓவிலிருந்து தொடங்குங்கள்

இப்போது சென்சார்ஸ்-டிடெக்ட் நிரலை ரூட் உரிமையோடு இயக்குங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம், இல்லை’ இரண்டில் ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். அதுதான் பரிந்துரை, வெறுமே என்டர் தட்டினால் அதை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று அடித்துக்கொண்டே போவது முதல் தவறு. கிராஃபிக்ஸ் கார்டின் பஸ்களுக்குப் பரிந்துரை ‘இல்லை’ என்றிருந்தால் அதற்குக் காரணம் உண்டு. அங்கே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சிப்களும் இருக்கலாம். அவற்றைத் துழாவுவது விளையாட்டல்ல.

கடைசியில், கண்டுபிடித்த டிரைவர்களைத் துவக்கக் கோப்பில் சேர்க்கவா என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அடையாளமே இன்னும் முடியவில்லை.

சூப்பர் ஐஓவை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? அதற்கு மட்டும்தான் ஐயத்துக்கு இடமில்லாத அடையாள எண் இருக்கிறது. போர்ட் 2ஈ, 2எஃப் என்ற இணை வழியாகவோ, 4ஈ, 4எஃப் வழியாகவோ அதோடு பேசலாம். ஆனால் பேச ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாவி உண்டு. வின்பாண்ட், நுவோட்டான், ஃபின்டெக் மூன்றுக்கும் 87ஐ இரண்டு முறை எழுத வேண்டும். ஐடிஈக்கு 87, 01, 55, 55. 4ஈ போர்ட்டில் கடைசி 55க்குப் பதில் ஏஏ. எஸ்எம்எஸ்சிக்கு ஒரே ஒரு 55. சாவி பொருந்தினால் ரிஜிஸ்டர் 20, 21 இரண்டிலும் அடையாள எண் கிடைக்கும். பொருந்தாவிட்டால் எஃப்எஃப் எஃப்எஃப். அதைப் பார்த்துவிட்டு ‘சிப் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவிதான் தவறு.

கையால் சாவி போட வேண்டாம். அதைச் சென்சார்ஸ்-டிடெக்ட் செய்யட்டும்; சந்தேகமிருந்தால் சூப்பர்ஐஓடூல் என்ற நிரல் இன்னொரு சாட்சி. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

5. நுவோட்டான் உடன்பிறப்புகள்

வின்பாண்டிலிருந்து நுவோட்டான் பிரிந்தது 2008இல். அதனால் பழைய போர்டில் வின்பாண்ட் பெயரும் புதியதில் நுவோட்டான் பெயரும் இருக்கும். சாவி ஒன்றே, ரிஜிஸ்டர் அமைப்பும் நெருங்கிய உறவு. குழப்பம் அடையாள எண்ணின் வாலில்தான்.

அந்த எண்ணின் கடைசி மூன்று பிட் சிப்பின் திருத்தப் பதிப்பைக் குறிக்கும் (பிட் என்பது 0 அல்லது 1; பதினாறடிமான இலக்கம் ஒன்றில் நான்கு பிட்). அவற்றை நீக்கிவிட்டு மிஞ்சுவதை ஒப்பிட வேண்டும்:

என்சிடி6775எஃப்: பி470
என்சிடி6776எஃப்: சி330
என்சிடி6779டி: சி560
என்சிடி6791டி: சி800
என்சிடி6792டி: சி910
என்சிடி6793டி: டி120
என்சிடி6795டி: டி350
என்சிடி6796டி: டி420
என்சிடி6798டி: டி428
என்சிடி6797டி: டி450

டி420, டி428 இரண்டையும் கவனியுங்கள். வேறுபாடு ஒரே ஒரு பிட். திரையில் டி42பி என்று வந்தால் பையன்கள் கடைசி இலக்கத்தை முழுசாகத் தூக்கி எறிந்துவிட்டு ‘டி42, அப்போ 6796’ என்பார்கள். தவறு. கடைசி இலக்கம் 0 முதல் 7 வரை ஒரு வீடு, 8 முதல் எஃப் வரை இன்னொரு வீடு. பி என்பது 8க்கு மேல். ஆகவே அது 6798. டி423 வந்தால்தான் 6796.

என்சிடி6683டி சி730 என்றும், என்சிடி6686டி டி440 என்றும், என்சிடி6687டி டி590 என்றும் தொடங்கும். பெயர் நெருங்கி இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு அமைப்பு. இவற்றுக்கு என்சிடி6775 டிரைவர் பொருந்தாது, என்சிடி6683 டிரைவர்தான். ‘டிரைவர் போட்டேன், ஏறலைங்க’ என்று வருபவர்களில் பலர் இந்த ஒரு பெயர் மயக்கத்தில் சிக்கியவர்கள்.

6. ஐடிஈ வரிசை

இங்கே வாழ்க்கை எளிது. ஐடி8712எஃப் என்றால் அடையாள எண் 8712. ஐடி8728எஃப் என்றால் 8728. விதிவிலக்கு, ஐடி8792ஈ. அது 8733 என்று சொல்லும். சில போர்டுகளில் முதல் ஐடிஈ சிப்போடு இரண்டாவதாக 4ஈ போர்ட்டில் இது உட்கார்ந்திருக்கும். உள்ளமைவு நிலைக்குள் நுழைந்து வெளியே வருவதே அத்தகைய சில போர்டுகளைத் தொங்க வைக்கும். அடுத்த இயந்திரத்தில் இரண்டு ஐடிஈ சிப்பைக் கண்ணால் பார்த்தால், திரும்பத் திரும்பத் துழாவாமல் ஒரே தடவை படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

சரியான ஐடிஈ எண் ஏன் முக்கியம் என்றால், வோல்டேஜ் படி மாறுகிறது. 8712, 8716, 8718, 8720 ஆகியவற்றில் ஒரு படி 16 மில்லிவோல்ட். 8721, 8728 இரண்டிலும் 12 மில்லிவோல்ட். ரிஜிஸ்டரில் நூறு படி இருந்தால் புதியதில் அது 1.2 வோல்ட், பழையது என்று தவறாக எடுத்துக்கொண்டால் 1.6 வோல்ட். ‘சிபியுவுக்கு 1.6 போகுது, போர்டு போச்சு’ என்று நல்ல போர்டை ஸ்கிராப்பில் போட இந்த ஒரு பிழை போதும். எல்லா வோல்டேஜும் ஒரே விகிதத்தில், மூன்றில் ஒரு பங்கு ஏறியோ கால் பங்கு இறங்கியோ இருந்தால், போர்டைச் சந்தேகிக்காதீர்கள், சிப்பின் பெயரைச் சந்தேகியுங்கள்.

7. 48 முதல் 4எஃப் வரை: எல்எம்75 என்று சொல்லிக்கொள்பவர்கள்

இப்போது ஐ2சி பஸ்ஸுக்கு வருகிறோம். இன்டெல் போர்டுக்கு ஐ2சி-ஐ801, ஏஎம்டி போர்டுக்கு ஐ2சி-பிஐஐஎக்ஸ்4, இரண்டுக்கும் பொதுவாக ஐ2சி-டெவ் டிரைவர்களை ஏற்றிக்கொண்டு, ஐ2சி-டிடெக்ட் மூலம் பஸ் பட்டியலைப் பாருங்கள். பஸ் எண் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மாறலாம். நேற்றைய எண்ணை நம்பாதீர்கள், பெயரைப் பார்த்து எடுங்கள். அட்டவணையில் யூயூ என்று தெரிந்தால் அந்த முகவரியை ஒரு டிரைவர் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. அதை வலுக்கட்டாயமாகப் படிக்க வேண்டாம்.

50 முதல் 57 வரை தெரிபவை மெமரியின் விவர ஈப்ராம்கள். டிடிஆர்5 என்றால் அதே இடத்தில் வெப்ப சென்சாரும் சேர்ந்த எஸ்பிடி5118 இருக்கும். வெப்ப சென்சார் உள்ள டிடிஆர்3, டிடிஆர்4 மெமரியில் அது 18 முதல் 1எஃப் வரை தனியாக உட்காரும். இவற்றை ஒதுக்கிவிட்டு 48 முதல் 4எஃப் வரை பாருங்கள்.

இந்த இடம் ஒரு சத்திரம். எல்எம்75, எல்எம்75ஏ, டிஎம்பி75, டிஎம்பி102, டிஎஸ்1621, எல்எம்77, அனலாக் அளவை எண்ணாக்கும் பிசிஎஃப்8591, ஏடிஎஸ்1115 என்று யார் வேண்டுமானாலும் இங்கே தங்கலாம். முகவரி வீட்டு எண்தான்; உள்ளே இருப்பவர் பெயர் அதில் இல்லை. அதிலும் அசல் எல்எம்75இல் அடையாள ரிஜிஸ்டரே கிடையாது. ஆகவே நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஐ2சி-டம்ப்பில் ஒரு முறை முழுதாகப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். அசல் எல்எம்75 எட்டு எட்டு ரிஜிஸ்டருக்கு ஒரு முறை அதே வரிசையைத் திரும்பச் சொல்லும். அதில் 0 முதல் 3 வரைதான் உண்மையான ரிஜிஸ்டர்கள். 4 முதல் 7 வரை கேட்டால் கடைசியாகப் படித்த மதிப்பையே திருப்பித் தரும். எல்எம்75ஏ அப்படி இல்லை. இல்லாத ரிஜிஸ்டருக்கு எஃப்எஃப் என்று சொல்லும். ரிஜிஸ்டர் 7இல் ஏ1 என்று தன் அடையாளத்தைத் தரும். ஆக, 7இல் ஏ1 இருந்தால் வேலை முடிந்தது.

டிஎம்பி102ஐப் பிரிக்க ரிஜிஸ்டர் 1ஐப் பாருங்கள். எல்எம்75இல் அது ஒரு பைட், சாதாரணமாக 00. டிஎம்பி102இல் இரண்டு பைட், மின்சாரம் வந்ததும் 60ஏ0. ரிஜிஸ்டர் 2, 3 இரண்டையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: இரண்டு சிப்களிலும் தொடக்கத்தில் 75 டிகிரியும் 80 டிகிரியும்தான் இருக்கும். எல்லைகள் ஒத்துப்போவதால் சிப்பும் ஒன்று என்று நினைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்தது நுணுக்கம். எல்எம்75 அரை டிகிரிக்கு ஒரு முறைதான் நகரும், டிஎம்பி102 0.0625 டிகிரிக்கு நகரும். வெப்ப ரிஜிஸ்டரை இருபது முறை படியுங்கள். அரை டிகிரிக்குக் கீழே உள்ள பிட்கள் ஒரு முறையாவது அசைந்தால் அது எல்எம்75 அல்ல. அசையவில்லை என்பதால் அது எல்எம்75தான் என்று சொல்லிவிட முடியாது. டிஎம்பி75 பன்னிரண்டு பிட் திறன் உள்ளதானாலும் தொடக்கத்தில் ஒன்பது பிட்டில்தான் எழும். அந்த நிலையில் அதன் வெப்பக் கணக்கு எல்எம்75க்கு அச்சு அசலாகப் பொருந்தும். கண்காணிப்புக்கு இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. விட்டுவிடுங்கள்.

படிக்கும்போது பைட் வரிசை ஒன்று உண்டு. இரண்டு பைட்டாகப் படித்தால் இந்த சிப்கள் பெரிய பைட்டை முதலில் அனுப்பும். கருவியோ சிறியது முதலில் வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் திரையில் 8026 என்று வரும். திருப்பினால் 2680. 26 என்பது 38 டிகிரி, 80 என்பது அரை. மொத்தம் 38.5. திருப்பாமல் கணக்கிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுச் சொச்சம் வரும். ஒரு பையன் அந்த எண்ணைப் பார்த்து சிப்பைச் சூடேற்றி எடுத்தே விட்டான். நல்ல சிப்.

8. 4சி: எல்எம்90 குடும்பம்

4சியில் கவனம் அதிகம் வேண்டும். இங்கே அடையாள ரிஜிஸ்டர் இருக்கிறது, ஆனால் அது எப்போதும் முழு உண்மையைச் சொல்வதில்லை. எஃப்ஈ ரிஜிஸ்டர் கம்பெனியையும் எஃப்எஃப் ரிஜிஸ்டர் சிப்பையும் குறிக்கும்.

எஃப்ஈ 01 என்றால் நேஷனல் செமிகண்டக்டர். அப்போது எஃப்எஃப்பின் முதல் இலக்கம் 2 என்றால் எல்எம்90. 1 என்றால் எல்எம்86. 3 என்றால் எல்எம்89 அல்லது எல்எம்99. எஃப்ஈ 41 என்றால் அனலாக் டிவைசஸ்: எஃப்எஃப் 4இல் தொடங்கினால் ஏடிஎம்1032, 51 என்றால் ஏடிடி7461. எஃப்ஈ 4டி என்றால் மேக்சிம்.

மேக்சிமில் ஒரு பொறி இருக்கிறது. மேக்ஸ்6657, 6658, 6659 ஆகியவற்றில் எஃப்எஃப் ரிஜிஸ்டரே கிடையாது. கேட்டால் கடைசியாகப் படித்ததையே சொல்லும். எஃப்ஈயை முதலில் படித்துவிட்டு எஃப்எஃப்பைப் படித்தால் அதிலும் 4டி வரும். வேறு வரிசையில் படித்தால் வேறு ஏதோ வரும். அதனால்தான் எப்போதும் எஃப்ஈ முதலில், உடனே எஃப்எஃப் என்று நான் வற்புறுத்துகிறேன். இரண்டும் ஒன்றாக இருப்பதே இங்கே அடையாளம். முகவரி 4சி என்றால் லினக்ஸ் டிரைவர் அதை 6657 என்று எடுத்துக்கொள்ளும். 4டி, 4ஈ என்றால் 6659.

எல்எம்89, எல்எம்99 இரண்டுக்கும் வருகிறேன். ரிஜிஸ்டரைப் பார்த்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. ஆனால் எல்எம்99, வெளி டயோடின் (சிப்புக்கு வெளியே, அளக்க வேண்டிய இடத்தில் இருக்கும் வெப்ப உணர்வியின்) வெப்பத்தை 16 டிகிரி குறைத்துச் சொல்லும்படி செய்யப்பட்டது. டிரைவர், எண்ணைப் பார்த்ததும் எல்எம்99 என்று வைத்துக்கொண்டு 16ஐக் கூட்டிக் காட்டும். உங்கள் போர்டில் இருப்பது எல்எம்89 என்றால் காட்டும் வெப்பம் 16 டிகிரி அதிகம். பழைய கிராஃபிக்ஸ் கார்டை ‘அனலாகக் கொதிக்கிறது’ என்று ஒதுக்கும் முன் இதைச் சோதியுங்கள்.

சோதனை எளிது. மூன்றாம் படியில் சொன்னபடி இரவு முழுக்க ஆறிய இயந்திரத்தை இயக்கி, முடிந்தவரை சீக்கிரம் ரிஜிஸ்டர் 00, 01 இரண்டையும் நேரடியாகப் படியுங்கள். 00 சிப்பின் சொந்த வெப்பம், 01 வெளி டயோடு. அறை 34 டிகிரி, 00இல் 35, 01இல் 21 என்று வந்தால் அது எல்எம்99. அறையைவிடக் குளிர்ந்த டயோடு கிடையாது. 01இல் 38, 40 என்று வந்தால் எல்எம்89. அப்படியானால் அந்த பஸ்ஸின் புதிய சாதனக் கோப்பில் எல்எம்89 என்ற பெயரையும் முகவரியையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். சூடேறிய பிறகு இந்தச் சோதனை செல்லாது; 16 டிகிரி வித்தியாசம் ஓட்டத்தின் சூட்டில் மறைந்துவிடும்.

9. ஒரே சிப் இரண்டு பெயரில் வந்தால்

பழைய எடைமேடை இயந்திரங்களில் இன்னும் வின்பாண்ட் டபிள்யூ83781டி காலத்துப் போர்டுகள் வருகின்றன. அந்த சிப்புக்குள்ளேயே எல்எம்75 போல நடிக்கும் இரண்டு கிளைகள் உண்டு. சென்சார்ஸ்-டிடெக்ட் தாய் சிப்பையும் இரண்டு ‘எல்எம்75’ சிப்களையும் தனித்தனியாகக் காட்டும். எல்எம்75 டிரைவரையும் ஏற்றினால் ஒரே வெப்பம் இரண்டு பெயரில் வரும், அல்லது இரண்டு டிரைவர்களும் ஒன்றை ஒன்று தடுக்கும்.

பிரித்தறிய தாய் சிப்பின் ரிஜிஸ்டர் 4ஏயைப் படியுங்கள். அதன் கடைசி மூன்று பிட்டை 48உடன் கூட்டினால் முதல் கிளையின் முகவரி. பிட் 4 முதல் 6 வரை உள்ளதைக் கூட்டினால் இரண்டாவது. 10 என்று வந்தால் கிளைகள் 48, 49. அந்த இரண்டு முகவரிகளையும் எல்எம்75 பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

தாய் சிப்பின் எண் 58ஆம் ரிஜிஸ்டரில் இருக்கும்: 83781டிக்கு 10 (கடைசி பிட் மாறலாம்), 83782டிக்கு 30, 83783எஸ்ஸுக்கு 40. 31 என்றால் அது ஏஎஸ்99127எஃப். 30க்குப் பக்கத்தில் இருப்பதால் 83782டியின் புதிய பதிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

10. கையால் உறுதி செய்யுங்கள்

பெயர் கிடைத்த பிறகும், எந்த வரி எதைக் காட்டுகிறது என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது எதனால் என்று தெரியாது.

சிபியுவுக்குச் சுமை கொடுத்தால் எந்த வெப்பம் உடனே ஏறுகிறது? எட்டுக்கால் சிப்பின் மேல் விரல் வைத்தால் எது மெல்ல நகர்கிறது? (கொதிக்கும் கோடையில் விரலுக்கும் அறைக்கும் வித்தியாசம் இருக்காது. அப்போது ஐஸ் தண்ணீர் பாட்டிலைத் தொட்டுத் துடைத்து உலர்த்திய விரல்.) கேஸ் ஃபேன் ஒன்றின் பிளக்கை உருவினால் எது பூஜ்யமாகிறது? சிபியு ஃபேனை மட்டும் உருவ வேண்டாம்.

எப்போதும் அசையாமல் 127, மைனஸ் 128, மைனஸ் 55 என்று நிற்பவை பெரும்பாலும் எதுவும் இணைக்கப்படாத கால்கள். அவற்றைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுங்கள்.

பழைய சிப்களில் ஃபேன் சுற்று, பயாஸ் சொன்னதற்குச் சரியாக இரு மடங்காகவோ பாதியாகவோ வந்தால் வகு எண் பொருந்தவில்லை. 13,50,000ஐ, எண்ணிக்கையையும் வகு எண்ணையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்துத்தான் அவை சுற்றைக் கணக்கிடுகின்றன.

மல்டிமீட்டரில் மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. நுவோட்டான் சிப்பில் ஒரு படி 8 மில்லிவோல்ட். எட்டு பிட்டில் அதிகபட்சம் 2.04 வோல்ட்தான். ஆகவே 12 வோல்ட் ரெசிஸ்டர் வழியே குறைக்கப்பட்டே சிப்புக்குள் வருகிறது. வரி 1.0 என்று காட்டினால் பவர் சப்ளை கெட்டதாக அர்த்தமில்லை. மீட்டர் மதிப்பை அந்த எண்ணால் வகுத்து, வரும் பெருக்கு எண்ணைச் சென்சார் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். எதையும் ஊகத்தில் நிரப்பாதீர்கள்.

11. வற்புறுத்தும் வழிகளைக் கடைசிவரை தள்ளிவையுங்கள்

டிரைவருக்கு ஃபோர்ஸ்-ஐடி என்று ஓர் அளவுரு உண்டு. தெரியாத சிப்பை, தெரிந்த இன்னொரு சிப் என்று நம்பவைக்கும். ‘பக்கத்து மாடல்தானே’ என்று போட்டுவிடுவார்கள், எண்களும் வரும். படிக்க மட்டும் செய்தால் தவறான எண்ணோடு போகும். ஃபேன் வேகத்தை எழுதப் போனால் அங்கே இருப்பது வேறு ரிஜிஸ்டர்.

என் மேசையிலேயே இது நடந்தது. ஓர் எடைமேடையின் இயந்திரம். பையன் பக்கத்து எண்ணைக் கொடுத்து, ஃபேன் வேகத்தைத் தானே மாற்றும் நிரலையும் ஓடவிட்டான். கடையில் நன்றாக ஓடியது. நான் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். மறுநாள் மதியம் ஃபேன் நின்று, இயந்திரம் அணைந்து, லாரிகள் வரிசையில் நின்றன. பிழை என்னுடையது. அதிலிருந்து ஃபோர்ஸ்-ஐடி போட்ட இயந்திரத்தில் ஃபேனைப் பயாஸ் கையிலேயே விட்டுவிடுகிறேன்.

அதே போல, டிரைவர் ‘ஏசிபிஐயோடு முரண்’ என்று (பயாஸும் அதே சிப்பைப் பயன்படுத்தலாம் என்று பொருள்) ஏற மறுத்தால், கெர்னல் அளவுருவில் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வழி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காரணம் தெரிவதில்லை. நுவோட்டான் சிப்பில் 4ஈ ரிஜிஸ்டர் மூலம் பக்கம் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். பயாஸும் டிரைவரும் ஒரே நேரத்தில் பக்கம் மாற்றினால், நீங்கள் படிப்பது வேறு பக்கத்தின் எண். அவ்வப்போது மட்டும் ஒரு வெப்பம் திடீரென்று 90 என்று குதித்து இறங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேசைச் சோதனைக்குத் தளர்த்தலாம். அனுப்பும் இயந்திரத்தில் வேண்டாம்.

12. கேஸுக்குள் ஒட்டும் சீட்டு

முடிந்ததும் ஒரு சீட்டில் இவற்றை எழுதி, பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம் ஒட்டுங்கள்: சிப் மேல் படித்த எண், ரிஜிஸ்டர் சொன்ன அடையாள எண், கடைசி இலக்கம் உட்பட, டிரைவர் பெயர், ஐ2சி முகவரிகளும் அவற்றில் இருப்பவையும், 12 வோல்ட்டுக்கான பெருக்கு எண், எந்த வரி எந்த ஃபேன், தேதி, அன்றைய அறை வெப்பம்.

நான் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகிறேன், எண்களை மட்டும் பெரிதாக. இந்த இயந்திரம் அடுத்த முறை பாலக்காட்டுச் சித்தூரில் ஒருவர் மேசைக்கும் போகலாம், பொள்ளாச்சியில் ஒருவர் மேசைக்கும் போகலாம். இரண்டு பேரும் மூடியைத் திறந்ததும் படிக்க முடிய வேண்டும்.